தேனீ இல்லாத ஊரின் கதை

இல்லாமல் போன ஒன்றைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது கதை எழுதுவோருக்குக் கடினமான வேலை. கியூப-அமெரிக்க எழுத்தாளர் பாப்லோ கர்டாயா 2022-இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் பீகீப்பர்’ என்ற சிறார் நாவல் அதைச் சாதித்திருக்கிறது. தேனீக்கள் அழிந்துவிட்டன என்று எல்லோரும் நம்பும் எதிர்காலம் அது. அக்காவோடு பண்ணையில் வளரும் யோலாண்டாவின் கனவு தேனீ அல்ல. மருத்துவராக வேண்டும், அதற்குப் படிப்பும் பணமும் வேண்டும். அந்தக் கனவின் குறுக்கேதான் தேனீ வருகிறது. எடுத்த எடுப்பிலேயே அவளை இயற்கையை நேசிக்கும் உத்தமப் பிள்ளையாக்காததில் ஆசிரியரின் கைத்திறன் தெரிகிறது. நீட் தேர்வையும் கட்டணத்தையும் பற்றியே கேட்டு வளரும் கோவைப் பிள்ளைக்கு அவள் அந்நியமாக இருக்க மாட்டாள்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், அறிவியல் ஆசிரியரிடமிருந்து நியாயமான மறுப்பு ஒன்று வரும். தேனீ போனால் சோறே போய்விடும் என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதிந்தால் அது பிழை. நெல், சோளம், கம்பு எதுவும் தேனீயை நம்பி மணி பிடிப்பதில்லை. தேனீ அழிந்த நான்கே ஆண்டில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டைன் பெயரில் உலவும் வாசகத்துக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் நாவலை ஒதுக்க இது காரணமாகாது; பாடம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. மதியச் சாப்பாட்டை முன்னால் வைத்து, எது மிஞ்சும், எது குறையும் என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். சோறும் கம்பங்களியும் மிஞ்சும். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும் பூசணியும் பீர்க்கும் பிஞ்சு பிடிக்கத் திணறும். சூரியகாந்தியில் பொக்கு பெருகும். ஒட்டுமொத்த அழிவைவிட இந்தக் கணக்கு உண்மையானது, அதனாலேயே கூடுதலாக உறைக்கும்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு, பிள்ளைகளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்பவர்களுக்கு நம் வரலாறே பதில். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீப் பெட்டிகளைப் பெருமளவில் காலியாக்கியது. புழுக்கள் நீர் கோத்த பைகளாகிச் செத்தன. 2006-07-இல் அமெரிக்காவில் நடந்தது வேறு: ராணியையும் புழுக்களையும் விட்டுவிட்டு வேலைக்காரத் தேனீக்கள் மறைந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கப் பழகும் பிள்ளை, பயத்தோடு நின்றுவிடாது. இங்கே நோயைத் தாங்கிய கூட்டங்களிலிருந்து வளர்ப்பு மெல்ல மீண்டது என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

நமக்குத் தேனீ ஒரே வகையும் அல்ல. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் கோவை வட்டாரத்தில் உண்டு. காந்திபுரம் போன்ற நெரிசலிலும் உயரமான கட்டடத்தில் மலைத்தேனீ கூடு கட்டும். கண்டதும் தீப்பந்தம் தேடுகிறோம். நாவலை வாசித்து முடித்த வகுப்பு முதலில் விவாதிக்க வேண்டியது அந்தத் தீப்பந்தத்தைத்தான். அடுத்து, தேனீ வளர்ப்புப் பயிற்சி தரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதே ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கேள்விகளோடு அங்கே போகலாம்.