செருலியனும் காலர் பாயிண்டும்

அக்கா மகள் ஒருநாள் ராத்திரி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து, "மாமா, இந்த ஒரு சீன் மட்டும் பாருங்க. நாளைக்கு க்ளாஸ்ல இதப் பத்திப் பேசணும்" என்றாள். பெங்களூரில் ஃபேஷன் டிசைன் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஜூஜுவாடியில் அவர்கள் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. தினமும் காலையில் அத்திப்பள்ளி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். தோளில் சார்ட் பேப்பர் போடும் நீளக் குழாய் தொங்கும். அதைப் பார்த்து கண்டக்டர்கள் அவளை இன்ஜினியரிங் மாணவி என்று நினைத்துக்கொள்வார்களாம். 'எங்க மாமாவத்தான் அப்படிச் சொல்லணும், அவரு டி ஸ்கொயரைக் கைல எடுத்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு' என்பாள்.

அவள் காட்டியது 'தி டெவில் வேர்ஸ் பிராடா' படத்தின் அந்தப் புகழ்பெற்ற காட்சி. 2006இல் வந்த படம். மெரில் ஸ்ட்ரீப் ஒரு ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெல்ட்டுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அறையே தவித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் (ஆன் ஹாத்வே) லேசாகச் சிரித்துவிடுகிறாள். ஆசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பெண் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் நிறம் வெறும் நீலமல்ல, செருலியன் என்று ஆரம்பிக்கிறார். அது எந்த டிசைனரின் கவுன்களில் முதலில் வந்தது, யாருடைய ஜாக்கெட்டுகளுக்குப் போனது, எப்படி எட்டு டிசைனர்களிடம் பரவி, பெரிய கடைகளுக்கு இறங்கி, கடைசியில் தள்ளுபடிக் கூடையில் வந்து விழுந்தது என்று விவரிக்கிறார். நீ தேர்ந்தெடுத்ததாக நினைக்கும் ஸ்வெட்டரை உனக்காக இந்த அறையில் இருப்பவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

ஒப்புக்கொள்கிறேன், அபாரமான காட்சி. கல்லூரியில் படித்தபோது பார்த்திருக்கிறேன், அப்போது கைதட்டினேன். அலட்சியமாகச் சிரிப்பவனுக்கு ஒரு துறை தன் வரலாற்றைச் சொல்லிப் பதில் தருகிறது. எங்கள் துறையில் யாராவது 'வெப்சைட்தானே, ஒரு பட்டனை இடம் மாத்தறதுக்கு என்னப்பா' என்று கேட்கும்போது எனக்கும் அப்படி ஒரு மூன்று நிமிஷம் பேச ஆசை வரும். ஃபேஷன் கல்லூரிகளில் இந்தக் காட்சியை ஒரு ஸ்தல புராணம் போலப் போட்டுக் காட்டுவதில் ஆச்சரியமில்லை. "துணி தைக்கறதுக்கு எதுக்கு டிகிரி?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் ஒவ்வொரு சித்தப்பாவுக்கும் அது பதில்.

இந்த முறை பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. அந்தப் பேச்சில் நிறம் மேலிருந்து கீழே இறங்குகிறது. டிசைனரிடமிருந்து கடைக்கு, கடையிலிருந்து கூடைக்கு. அது எந்தத் தொட்டியிலிருந்தும் மேலே ஏறி வருவதில்லை. அந்த நீலத்தின் பின்னால் கோடிக்கணக்கான டாலர்களும் எண்ணற்ற வேலைகளும் இருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். எண்ணற்ற வேலைகள், அவ்வளவுதான். கவுன்களுக்கு இருக்கிற பெயரும் வருடமும் அந்த வேலைகளுக்கு இல்லை.

இதை அவளிடம் சொன்னபோது, "மாமா, நீங்க எங்க ஃபேகல்டி மாதிரியே பேசறீங்க. அவங்களும் சஸ்டெய்னபிலிட்டி யூனிட்ல இதேதான் சொன்னாங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆனது.

*

அவளுடைய மூன்று வருடப் பாடங்களை ஓரமாக நின்று பார்த்தவன் நான். ஒரு நாவலைப் படிப்பதுபோலத்தான் பார்த்தேன். பாடத்திட்டமும் ஒரு பிரதிதான். அதற்கும் சொல்முறை இருக்கிறது, நாயகர்கள் இருக்கிறார்கள், பெயரில்லாமல் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வருடம் முழுக்க உருவம் வரைவது. ஃபேஷன் சித்திரத்தில் மனித உடல் ஒன்பது தலை உயரம், சில பேர் பத்து தலை என்பார்கள். நிஜ மனிதர்கள் ஏழு, ஏழரைத் தலை. நம் சிற்ப சாஸ்திரத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. உத்தம தசதாலம் என்ற பத்துத் தால அளவு பெருந்தெய்வங்களுக்கு. மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறையும். ஸ்தபதி யாருக்கு எத்தனை தாலம் என்று தெரிந்தே கொடுத்தார். ஃபேஷன் பாடம் எல்லாருக்கும் தெய்வ அளவைக் கொடுத்துவிட்டு, அதை அணியப்போகும் ஐந்தடி இரண்டங்குல மனுஷியைப் பற்றி பேட்டர்ன் வகுப்பில்தான் முதல்முறையாகக் கவலைப்படுகிறது.

தையல் வகுப்பின் முதல் வாரம் நூல் கோக்காத மெஷினில் பேப்பரை ஓட்ட வேண்டும். நேர்கோடு, வளைவு, சதுரம். அவள் ஓட்டைகள் விழுந்த ஏ4 தாள்களை வீட்டில் பரப்பி வைத்திருந்தாள். அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கு ஃபீஸ் வேற கட்டியிருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அக்கா பதினோரு வருடம் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். ஃபார்மல் சட்டை லைன். அவளுடைய வேலை காலர் வைப்பது மட்டும். விடிகாலை ஆறே முக்காலுக்கு கம்பெனி வேன் ஜூஜுவாடிக்கு வரும்.

மூன்றாவது செமஸ்டரில் கைவினை ஆவணம் என்று ஒரு பாடம். குழுவாகக் காஞ்சிபுரம் போய்த் தங்கினார்கள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் மின்னின. கோர்வை போடும்போது கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா, அதற்கு இரண்டாவது ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ என்று இரவெல்லாம் பேசினாள். ஆவணம் அழகாக வந்தது. நெசவாளரின் பெயர், எத்தனை தலைமுறை, அவர் வீட்டுத் தறிக்குழி, அவர் விரல்களின் க்ளோசப். அவரை 'மாஸ்டர் ஆர்ட்டிசன்' என்று எழுதியிருந்தாள்.

நான்காவது செமஸ்டரில் தொழிற்சாலை. ஆடை உற்பத்தி என்ற பாடத்துக்காக ஒரு யூனிட்டில் இரண்டு வாரம். அந்த ரிப்போர்ட்டையும் எனக்குக் காட்டினாள். லைன் பேலன்சிங், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எத்தனை நிமிஷம் ஆகலாம் என்று தசமப் புள்ளி வரை கணக்கிடும் 'சாம்' என்ற அளவு, எங்கே தேக்கம், எங்கே ஆள் குறைக்கலாம். டெக் பேக்கில் பட்டனின் துளைகள் எத்தனை என்பது வரை இருந்தது. மனிதப் பெயர் ஒன்றுகூட இல்லை. 'ஆபரேட்டர் 14: காலர் அட்டாச்.' அந்த வரியைக் கடந்து போய்விட்டு மறுபடி திரும்பி வந்தேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது, ரிப்போர்ட்டின் படிவம் அப்படி. அந்தப் பாடத்திட்டத்தின் மேல் எனக்கிருக்கும் பெரிய விமர்சனமே இதுதான். கையால் நெய்கிறவருக்கு முகம், பெயர், பரம்பரை. மெஷினில் தைக்கிறவளுக்கு நிமிஷம். முன்னவர் கலாச்சாரம், பின்னவர் மேன்பவர். ஆனால் கோர்வையில் கரை விலகாமல் பார்த்துக்கொள்ளும் கையும், காலரின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல நிற்கும்படி திருப்பும் கையும் அப்படியொன்றும் தூரத்துச் சொந்தமில்லை. ஒன்றை அழிந்துகொண்டிருப்பதால் ரசிக்கிறோம். இன்னொன்று நிறைய இருப்பதால் எண்ணுகிறோம். (எங்கள் கம்பெனியில் என்னையும் 'ரிசோர்ஸ்' என்றுதான் எக்செல்லில் போடுகிறார்கள். ஆனால் பாத்ரூம் போக யாரிடமும் நான் கேட்டதில்லை, ஆகவே இந்த ஒப்புமையை நீட்ட வேண்டாம்.)

ஃபேஷன் வரலாற்றிலும் இதேதான். 'ப்ளீடிங் மெட்ராஸ்' கதையை அவர்களுக்கு பிராண்டிங் உதாரணமாகச் சொல்லித் தருகிறார்கள். 1958இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை வாங்கிப் போகிறார். அது ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகிறது. துவைத்தால் சாயம் போகும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புகார்கள் குவிகின்றன. கடைசியில் சாயம் போவதே அதன் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து குறையைப் பெருமையாக மாற்றுகிறார்கள். துணியை ஏற்றுமதி செய்த சி.பி. கிருஷ்ணன் நாயர், பிறகு லீலா ஹோட்டல்களை நிறுவியவர், இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சுவாரசியமான கதை. விற்றவர், வாங்கியவர், கடை, விளம்பரம் எல்லாம் வருகிறது. அந்தச் சாயத்தை முக்கியவர், நெய்தவர் வரவில்லை. செருலியன் பேச்சின் மெட்ராஸ் பதிப்பு.

*

தமிழில் இந்தக் காலி இடத்தை நிரப்பும் எழுத்து இருக்கிறது என்று வீம்பாக அவளிடம் இரண்டு நாவல்களைக் கொடுத்தேன். இரண்டும் திருப்பூர். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'.

'சாயத்திரை'யில் நிறம் தொட்டியிலிருந்து கிளம்பி ஆற்றுக்குப் போகிறது. நொய்யலின் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் நமக்குச் செய்தியாகத் தெரியும். அதற்கு வெகு முன்பே எழுதப்பட்ட நாவல் அது. செருலியன் பேச்சுக்கு அருகில் வைத்துப் படித்தால் அந்தப் பேச்சின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது என்று தோன்றும். அதன் கோபம் சில பக்கங்களில் நாவலைப் புள்ளிவிவரத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. அங்கே எனக்குப் பாத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். ஆனால் அந்தக் கோபம் இல்லாமல் அது எழுதப்பட்டிருக்கவே முடியாது.

'மணல் கடிகை' பொறுமையானது. பள்ளியை முடித்த ஐந்து நண்பர்கள், பனியன் கம்பெனிகளோடு வளரும் ஊர், பணம் வரும்போது ஒவ்வொருவருக்குள்ளும் எது தேய்கிறது என்று தடிமனாகப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த நாவல். அவள் மூன்று வாரம் பஸ்ஸிலேயே படித்து முடித்தாள். தமிழை எழுத்துக் கூட்டாமல் படிப்பதே அவளுக்குப் புதுசு, ஓசூர்ப் பக்கம் அப்படித்தான். வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் இங்கிலீஷ், பஸ்ஸில் கன்னடம்.

"நல்லா இருக்குது மாமா. ஆனா அஞ்சு பேரும் பசங்க" என்றாள்.

பதில் சொல்ல யோசித்தேன். நாவலில் பெண்கள் நிறைய வருகிறார்கள், உழைக்கிறார்கள், கஷ்டப்படுகிறார்கள். ஆனால் கதை பெரும்பாலும் அந்த ஆண்களின் தோளுக்கு மேலிருந்துதான் பார்க்கிறது. லைனில் குனிந்திருக்கும் பெண்ணின் கண்ணிலிருந்து சட்டை எப்படித் தெரியும் என்பது, நான் படித்தவரை, தமிழில் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. ராகுல் ஜெயினின் 'மெஷின்ஸ்' (2016) ஆவணப்படம் சூரத் பக்கம் ஒரு துணி ஆலைக்குள் போகிறது. கேமரா அற்புதம். ஈரத் துணி மலைபோலக் குவிவதைப் பார்த்தால் ஓவியம் என்பீர்கள். ஆனால் அதில் மறக்க முடியாதது, தொழிலாளர்கள் கூட்டமாகக் கேமராவைச் சூழ்ந்து, நீ வருவாய், எங்கள் கஷ்டத்தைக் கேட்பாய், போய்விடுவாய், எங்களை என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்கும் இடம். படம் எடுத்தவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வெட்டாமல் வைத்தது அவருடைய நேர்மை.

*

என்னுடைய நேர்மைக்கு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. 2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. அப்போது என் ஆபீஸ் கோரமங்களாவில். கேப் பொம்மனஹள்ளிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. ஓசூர் ரோடு முழுக்கப் பெண்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி போடும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று அந்த பிப்ரவரியில் ஒரு விதி வந்திருந்தது. வேலையை விட்டு நிற்கும்போது கையில் வரும் ஒரே மொத்தத் தொகை அதுதான், பிள்ளை ஃபீஸும் ஆஸ்பத்திரியும் கல்யாணமும் அதை நம்பித்தான். பெரிய சங்கத் தலைவர் யாரும் கூப்பிடவில்லை. ஃபேக்டரி ஃபேக்டரியாக வெளியே வந்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கில். மறுநாள் போராட்டம் நகரின் மற்ற பக்கங்களுக்கும் பரவியது, தடியடி நடந்தது, பஸ்கள் எரிந்தன. அன்றைக்கே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

நான் கேப்பில் உட்கார்ந்து, ஏசி போதவில்லை என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு, 'ஹோசூர் ரோட் இஸ் டெட்' என்று ஆபீஸ் க்ரூப்பில் செய்தி போட்டேன். அழுகிற எமோஜியோடு. அக்கா அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள் என்பது ராத்திரி அவள் செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது. நான் கேப்பில் இருந்ததை அவளிடம் சொன்னேன். அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. அன்றைக்குக் காப்பாற்றிய அந்தப் பணத்தில்தான் என் அக்கா மகளின் முதல் வருட ஃபீஸ் கட்டப்பட்டது.

இதையெல்லாம் அவளிடம் போன மாதம்தான் சொன்னேன், எமோஜி உட்பட. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த செமஸ்டர் ஜூரிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளை ஃபார்மல் சட்டை. மூட்போர்டில் வழக்கமான கடலோ பழைய கதவோ இல்லை. ஒரு சட்டையின் ஆபரேஷன் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நிமிஷம், அந்த வேலையைச் செய்தவரின் கையெழுத்து. அக்காவும் அவளோடு வேலை பார்த்த பழைய சிநேகிதிகளும் போட்ட கையெழுத்துகள். சிலது கன்னடம், சிலது தெலுங்கு, இரண்டு தமிழ், ஒன்று கைநாட்டு. கையெழுத்துகளைச் சட்டையின் உள்பக்கம், அந்தந்தத் தையலுக்குப் பக்கத்தில், செருலியன் நூலில் எம்பிராய்டரி போட்டிருந்தாள்.

எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கையெழுத்து உள்ளே இருக்கிறது, போடுகிறவருக்கு மட்டும் தெரியும். அழகான யோசனை, கொஞ்சம் பத்திரமான யோசனையும்கூட. கடைசியில் அதுவும் ஒரு 'கதை'யாகி, விலையில் ஐந்நூறு ரூபாய் கூட வைக்கக் காரணமாகிவிடலாம். இதைச் சொன்னேன். "தெரியும் மாமா, ஜூரியிலயும் ஒருத்தர் அதான் கேட்டாரு, இத எவ்வளவுக்கு விப்பேன்னு" என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டவங்களக் கேட்டுச் சொல்றேன் என்றாளாம்.

சட்டை இப்போது அக்கா வீட்டில் தொங்குகிறது. அக்கா அதைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் பார்க்கவில்லை. காலரை மடக்கி இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள்.

"இடது பாயிண்ட் ஒரு நூல் கம்மி. பிரிச்சுட்டு மறுபடி வையி."

"மார்க்கெல்லாம் போட்டாச்சும்மா."

"போட்டா என்ன. பிரி."

ராத்திரி பத்தரை வரை அவர்கள் வீட்டில் மெஷின் சத்தம் கேட்டது.