கண்டதும் கேட்டதும்

நம்மிடம் ஒரு காலத்தில் அரபு இலக்கணம் பயின்று, இன்று இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர், அந்தமான் தீவுகளைச் சுற்றி வந்து ஒரு பயணக் கட்டுரை வரைந்துள்ளார். அவ்வூர் நண்பர்கள் மாதந்தோறும் கூடும் வாசிப்பு அமர்வில் அதனைப் படித்தார். கேட்டோர் யாவரும் வியந்து பாராட்டினர். நாம் மட்டும் வாய் திறவாதிருந்தோம். மறுவாரம் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நம் இல்லம் தேடி வந்து, "உஸ்தாது, தங்கள் மௌனத்தின் பொருள் என்ன?" என்று வினவினார். அவருக்குச் சொன்னதையே, அவருடைய இசைவின்பேரில், பெயர் சுட்டாமல் இங்கு எழுதுகிறோம். பயண நூல் எழுத விழையும் மற்றோருக்கும் அது பயன்படக்கூடும்.

பன்னிருவர் கொண்ட சிறு குழு, எட்டு நாள், தீவு விட்டுத் தீவு. வனவிலங்கும் எரிமலையும் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லும் இத்தகைய பயணங்கள் இன்று பெருகியுள்ளன. ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளே இதற்கு மூலமாதிரி. 1959-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவுகளில், ஒரு வழிகாட்டியுடன் பதினாறு பேருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி. கூட்டம் சிறுத்தால் பார்வை கூர்மையுறும் என்பது எதிர்பார்ப்பு. கூர்மையுற்றதா என்பதை எழுத்தில்தான் காண இயலும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். கட்டுரையின் உயிர்ப்பகுதி பாரன் தீவைப் பற்றியது. தெற்காசியாவில் இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் எரிமலை அது ஒன்றே. கடல் மட்டத்துக்கு மேல் 354 மீட்டரே தெரிகிறது. நீருக்கடியிலோ இரண்டாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட மலை மறைந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, நெடுங்காலம் உறங்கி, 1991-இல் மீண்டும் விழித்தது. கரையிறங்க அனுமதியில்லை, மரக்கலத்தில் இருந்தவாறே காண வேண்டும். நம் இளைஞர் விடியற்காலையில் கண்டதை எழுதுகிறார்: ஒரு புறம் பசுமரங்கள், மறுபுறம் புல்லும் முளையாத கருஞ்சாம்பற் சரிவு, அது நேரே கடலில் இறங்கும் இடம். நெருப்பைக் காணவில்லை, மெல்லிய புகை மட்டுமே கண்டோம் என்று ஒளிக்காமல் சொல்லுகிறார். பணம் கட்டிச் சென்றவன் நெருப்பைக் காணவில்லை என்று ஒப்புக்கொள்வது சிறிய காரியமன்று. இப்பகுதியை நாம் இருமுறை படித்தோம்.

இவ்விடத்தில் ஒரு பழைய நூல் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 237-இல், அதாவது கி.பி. 851-இல், பெயர் தெரியாத ஒருவர் தொகுத்த 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்து' என்னும் அரபு நூலே அது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் கலம் ஓட்டிய வணிகர்கள் சொன்ன செய்திகளின் திரட்டு. ஸாபஜ் தேசத்தருகே நெருப்பு மலை ஒன்றுண்டு, பகலில் புகையும் இரவில் தழலும் எழும், அதன் அடியில் ஒரு குளிர்ந்த ஊற்றும் ஒரு வெந்நீர் ஊற்றும் சுரக்கின்றன என்று அது கூறும். அலங்காரம் ஒன்றுமில்லை. கப்பலோட்டிக்கு எது வேண்டுமோ அது மட்டும்: எதனால் அடையாளம் காண்பது, தண்ணீர் கிடைக்குமா?

அந்நூலுக்குப் பின்னர், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸீராஃப் துறைமுகத்து அபூ ஸைது என்பார் தொடர்ச்சி எழுதினார். முன்னவர் எழுதியதை முதற்கண் சோதித்தார். கடலைப் பற்றிய செய்திகளை ஒப்புக்கொண்டு, சீனர்கள் இறந்தோர்க்கு உணவு படைக்க அவர்கள் உண்பார்கள் என்று கூறப்பட்டதை மட்டும் மறுத்துரைத்தார். பயண இலக்கியத்துக்கு ஒரு விமர்சகர் அக்காலத்திலேயே தோன்றிவிட்டார் என்று நாம் மகிழலாம். அம்மகிழ்ச்சி நீடிக்காத காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

மதரஸாவில் ஹதீஸ் பாடம் படித்தோர்க்கு இஸ்னாது என்பதை விளக்க வேண்டுவதில்லை. செய்தி எத்துணை அழகியதாயினும், அதை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்ற சங்கிலி அறுந்திருந்தால் அதன் மதிப்பு குன்றும். இவ்வளவுகோலைப் பயண நூலுக்கும் இடலாம் என்பது நம் கருத்து. இப்னு பதூதா 1344-இல் மாலத்தீவிலிருந்து ஸரந்தீபுக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறினார். அக்காட்டில் நீண்ட வாலும் கருநிறமும் தாடியும் உடைய குரங்குகள் மிகுதி என்று வருணிக்கிறார். இன்றும் இலங்கைக் காடுகளில் அவ்வகை மந்தியைக் காணலாம். ஆனால் அக்குரங்குகளுக்கு ஓர் அரசன் உண்டு, அவன் தலையில் இலைமுடி தரித்துக் கோலூன்றி நடப்பான் என்னும் கதைக்கு வரும்போது, தமக்கு வழிகாட்டிய ஷெய்கு உஸ்மானும் அவர் மகனும் பிறரும் சொன்னதாகப் பெயரிட்டு எழுதுகிறார். கதையை விடவும் மனம் வரவில்லை. தம் தலையில் சுமக்கவும் விரும்பவில்லை! அட்டைப்பூச்சி கடித்தால் எலுமிச்சைச் சாறு பிழிந்து விழச் செய்யும் முறையை அவர் கூறும்போதோ, மழைக்காலத்தில் நம் மேற்குமலையில் ஏறியவர் எவரும் தலையசைப்பர். இப்பெரியாரும் குற்றமற்றவரல்லர். வால்கா நதிக்கரையின் பல்கார் நகருக்குச் சென்றதாக அவர் சொல்வதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. குரங்கு அரசனுக்குக் காட்டிய பேணுதலை அங்கே மறந்தார் போலும்.

இனி நம் இளைஞரின் குறைகள். பாராதாங்கு தீவில் சேறு கொப்பளிக்கும் மேட்டைக் கண்டு, பூமியின் நெருப்பு வயிற்றைக் கண்டோம் என்று எழுதியுள்ளார். அது நெருப்பே அன்று. மண்ணுக்கடியில் மக்கிய பொருள்களிலிருந்து எழும் வாயு, சேற்றையும் நீரையும் மேலே தள்ளுகிறது. "தொட்டுப் பார்த்தீர்களா?" என்றோம். "தொட்டேன், குளிர்ச்சியாகத்தான் இருந்தது" என்றார். விரல் உண்மையை அறிந்திருந்தும் பேனா அறியவில்லை.

நார்கொண்டம் இருவாச்சிப் பறவையைக் கண்டு களித்ததாகவும் ஒரு வரி. ஏழு சதுர கிலோமீட்டரும் நிரம்பாத நார்கொண்டம் என்னும் அணைந்த எரிமலைத் தீவிலன்றி உலகில் வேறெங்கும் அப்பறவை இயற்கையில் வாழ்வதில்லை. இவர் சென்ற கலம் அத்தீவின் பக்கமே போகவில்லை. வழிகாட்டி சொன்னார், இவர் 'கண்டோம்' என்று எழுதிவிட்டார். விடுதி உணவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதை மன்னிக்கிறோம். பால்கோவா ஊரில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மன்னிக்க இயலாதது ஒன்றுண்டு. பாராதாங்குக்குச் செல்லும் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. வண்டிகளை அணிவகுத்துக் காவலுடன் விடுகிறார்கள். நிறுத்தவும் படமெடுக்கவும் தடை. அம்மக்களைச் சுற்றுலாப் பயணிகள் ஆடச்செய்து எடுத்த படக்காட்சி 2012-இல் வெளியாகி நாடே வெட்கமுற்றது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் சில வாரங்கள் அவ்வழியே சுற்றுலாப் பயணிகள் செல்வதைத் தடுத்தும் வைத்தது. நம் இளைஞர் என்ன செய்கிறார்? உவர்நீர் முதலை, கிளித்தீவின் கிளிகள், பிறகு ஜாரவாக்கள் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். அதன்மேல், இவர்கள் முன்னாளில் நரமாமிசம் உண்டவர்கள் என்றும் சேர்க்கிறார்.

"இது யார் சொன்னது?" என்று கேட்டோம். "எல்லாரும் சொல்வதுதானே" என்றார்.

எல்லாரும் எங்கிருந்து பெற்றனர்? வருத்தத்துடன் சொல்கிறோம்: நாம் மேலே போற்றிய அதே அரபு நூலும் அந்தமான் மக்கள் மனிதரை உயிருடன் தின்பதாக எழுதிவைத்துள்ளது. அத்தீவில் இறங்கி அவர்களுடன் வாழ்ந்தவர் சொன்னதன்று. தொலைவில் அஞ்சிக் கடந்து சென்றவர்களின் பேச்சு. பிற்காலத்தில் மார்க்கோ போலோவும் நாய்முக மனிதர் என்று கூட்டி அதையே திரும்பச் சொன்னார். சீனத்துச் சோற்றுக் கதையை மறுத்த அபூ ஸைது இவ்வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். சீனம் சென்று மீண்ட வணிகரைக் கேட்டறிய அவருக்கு வழி இருந்தது. அந்தமான் மக்களுக்காகச் சாட்சி சொல்ல ஸீராஃப் துறைமுகத்தில் யாரும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அத்தீவு மக்களிடையே ஆண்டுக்கணக்கில் பழகிய இ.எச். மேன் என்னும் ஆங்கில அதிகாரி, அவ்வழக்கத்தின் சுவடே இல்லை என்று எழுதினார். எனினும் பழைய வாக்கியம் சாகவில்லை. கப்பலிலிருந்து இறங்கிச் சொகுசு வண்டியில் ஏறி, இராஜபாளையத்து மாடியறை வரை வந்து சேர்ந்துவிட்டது. நம் நூல்களில் இருப்பதால் அது மெய்யாகிவிடாது. நம் நூல்களில் இருப்பதாலேயே அதை மறுக்கும் கடமை நமக்குக் கூடுதல்.

இளைஞர் வாடிப்போனார். அவரைத் தேற்ற டார்வினின் கதையைச் சொன்னோம். 1835-இல் கலாபகோஸ் தீவுகளில் ஐந்து வாரமளவு இருந்தவர் அவர். ஆமையைக் கண்டதும் அது எத்தீவினது என்று சொல்லிவிட முடியும் என்று அங்கிருந்த துணை ஆளுநர் கூறியபோது அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இரு தீவுகளில் பிடித்தவற்றை ஒன்றாகக் கலந்தும் வைத்துவிட்டார். எந்தக் குருவி எந்தத் தீவினது என்று பின்னர் அறிய, உடன் வந்தோர் குறித்து வைத்த சீட்டுகளைத் தேட வேண்டியதாயிற்று. இதைத் தம் பயண நூலில் தாமே ஒப்புக்கொள்கிறார். பேரறிஞர் ஒருவர் தம் கவனக்குறைவை அச்சேற்றியிருக்க, நாம் நான்கு வரிகளை அடிப்பதற்கு ஏன் நாண வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், அவரைச் செண்பகத்தோப்பு மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்குள்ள சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988-இல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இப்னு பதூதா நடந்த ஸரந்தீபிலும் இவ்வணில் உண்டு. தென்னிந்தியாவும் இலங்கையும் அன்றி வேறெங்கும் இல்லை. எட்டு நாள் தீவுகளைச் சுற்றியவர், பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் பிறந்து வளர்ந்தும் இதைப் பார்த்ததில்லை என்றார். நாமும் முதன்முதலாகப் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல்தான்.

மாந்தோப்பின் ஓரம் கழுத்து நோவ அண்ணாந்து ஒரு மணி நேரம் நின்றோம். கிளைகளின் கவட்டில் இலையும் சுள்ளியும் கொண்டு பின்னிய பெருங்கூடு ஒன்று தெரிந்தது. வேறொன்றும் அசையவில்லை. இருட்டத் தொடங்கியதும் அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதலானார். எட்டிப் பார்த்தோம். கூடு கண்டேன் என்றும், அணில் காணவில்லை என்றும், காலையில் வந்ததாகத் தோப்புக் காவலர் சொன்னார் என்றும் மூன்று வரிகள் இருந்தன. ஜாரவா பற்றிய பத்தியை அடித்துவிட்டதாகத் திரும்பும் வழியில் சொன்னார். அவ்விடத்தில் எழுத வேண்டியது இன்னும் கைவரவில்லையாம்.