ஓர் அறையும் ஒரு விளையாட்டுக் கருவியும்

கலையின் உருவத்தை அதன் சமுதாயச் சூழலினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பது நாம் பலகாலும் வற்புறுத்திவரும் கருத்து. ஆயினும், தன்பாலினக் காதலைப் பொருளாகக் கொண்ட படைப்புகளை எதிர்கொள்ளும்போது எம்மவருட் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர். 'நகர்ப்புற இளைஞரின் சீரழிவு' என்ற ஒரு சொல்லோடு ஒதுங்கிவிடுகின்றனர். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை அமெரிக்கக் குறும்படக் கலைஞர் சேடி பென்னிங்கின் படைப்புகளைக் கொண்டு ஆராய்வோம்.

1973இல் பிறந்த பென்னிங், விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில் வளர்ந்தவர். பதினைந்து வயதளவில், திரைப்படக் கலைஞரான தந்தை ஜேம்ஸ் பென்னிங் அவருக்கு ஒரு படப்பிடிப்புக் கருவியைப் பரிசளித்தார். பிஷர் பிறைஸ் என்ற விளையாட்டுப்பொருட் கம்பனி சிறுவர்க்கென 1987இல் வெளியிட்ட கருவி அது. பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாவிலேயே படத்தையும் பதிந்தது. படமோ கறுப்பு வெள்ளையில், புள்ளிகளாகச் சிதறி மங்கித் தோன்றும்.

தன்பாலினக் காதலர்மீது பாடசாலையிற் காட்டப்பட்ட வெறுப்பினாற் பதினாறு வயதிற் படிப்பை விட்ட பென்னிங்குக்குப் படுக்கையறையே படப்பிடிப்புக் கூடமாயிற்று. கண்ணும் வாயும் விரலும் தனித்தனியே திரையை நிறைக்கின்றன. வாய் சொல்லத் தயங்குவதைக் கையால் எழுதிய காகிதத் துண்டுகள் சொல்கின்றன. 1990இல் வெளிவந்த 'ஜொலீஸ்' காதலின் முதற் கிளர்ச்சிகளை இவ்வாறே கூறுகின்றது. கருவியின் வறுமை இங்கு கலையின் உருவமாகிவிட்டது. வெளியில் இடமறுக்கப்பட்ட வாழ்வின் நெருக்கடியைத் திரையின் நெருக்கமே உணர்த்துகின்றது.

அறைக்குள் எடுக்கப்பட்டமையால் இதனை உலகை மறந்த கலை எனலாமா? 1991இல் வெளிவந்த 'லவ்லி எனப்படும் ஓரிடம்' அயலிலே சிறுவரைச் சூழ்ந்திருந்த வன்முறையைப் பேசுகின்றது. 1992இன் 'கேர்ள் பவர்' பிக்கினி கில் குழுவின் பங்க் இசையோடு ஒலிக்கின்றது. இளம் பெண்கள் தாமே பாடல் இயற்றி, தாமே சிறுசஞ்சிகைகளைப் பிரதிசெய்து பரப்பிய 'றயட் கேர்ள்' இயக்கத்தின் குரல் அதிலே கேட்கின்றது. முதலாளித்துவப் பொழுதுபோக்குத் தொழில் தமக்குத் தராத உருவங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளுதல் என்பதே அவ்விளைஞர் கலாசாரத்தின் சாரம் எனலாம்.

குறையும் கூறவேண்டும். 1992இன் 'அது காதலன்று' படத்திலே ஹொலிவூட்டை நாடிய பயணம் ஒரு கோழிப்பொரியற் கடையின் வாகனத் தரிப்பிடத்தோடு நின்றுவிடுகின்றது. நல்ல எள்ளல். ஆனால், அதே படத்தில் ஹொலிவூட்டின் முரடனாகவும் மோகினியாகவும் வேடம் புனையும் பென்னிங், அவ்வேடங்களின் கவர்ச்சியில் தாமும் சிறிது மயங்குகின்றார். வேடங்களை மாற்றி அணிவதனாற் சமுதாயம் மாறிவிடாது. மேலும், கலைஞரான தந்தையின் பரிசு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டுவதன்று. 1993இல் நியூயோர்க் விற்னி அரும்பொருட் காட்சியகத்தின் ஈராண்டுக் கண்காட்சியில் பென்னிங்குக்கு இடம் கிடைத்தது. அத்தகைய அறைகளில் இருந்த ஏனையோர் பலரை எந்தக் கண்காட்சியும் அறியாது.

இக்குறைகளாற் படைப்பின் உண்மை மறைந்துவிடாது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பதே முற்போக்கு என்போமாயின், ஒடுக்குமுறை எவ்வடிவில் வரினும் அதனை இனங்காண நாம் கடமைப்பட்டவர்கள். பதினாறு வயதுப் பிள்ளையொன்று வகுப்பறையை விட்டு வெளியேற நேர்ந்தது எதனால் என்ற வினா, ஆசிரியர்களாகிய எம்மையும் சாரும்.