மாங்கனியின் கணக்கு

“பசித்தவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் என்ன, ஐயா?”

காரைக்கால் அம்மையார் கதையை வகுப்பில் சொல்லிக் கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. புலவர்கள் எழுதிய உரைகளிலே விடை தேடினேன். அருளைக் கண்டேன், அற்புதத்தைக் கண்டேன், விடையைக் காணேன்! அதனால்தான் இக்கட்டுரை.

ஆனித் திங்கள் வந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீதியிலே உலா வரும். மாடியிலிருந்து மாம்பழம் பொழியும். கீழே ஆயிரம் கைகள் ஏந்தி நிற்கும். பழத்தைப் பிடித்தால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையோடு நிற்கும் தாய்மார்களும் உண்டு. ஊரே ஒரு கனியைக் கொண்டாடுகிறது. அந்தக் கனி கதையிலே என்ன பாடுபட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை. வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு கனியைச் சோற்றோடு படைக்கிறாள். நண்பகலில் கணவன் வருகிறான். எஞ்சிய கனியை உண்கிறான். சுவை பிடித்துப் போகிறது. “மற்றதையும் கொண்டு வா” என்கிறான். அவள் உள்ளே போகிறாள்; கலங்கி நிற்கிறாள்; இறைவனை நினைக்கிறாள்; கையிலே கனி வந்து விழுகிறது!

பக்தர்கள் விழுந்த கனியைப் பார்க்கிறார்கள். நாம் கலங்கி நின்ற பெண்ணைப் பார்ப்போம்.

அது யார் வீடு? மகளைப் பிரிய மனமில்லாத தந்தை தனதத்தன், காரைக்காலிலேயே அமைத்துத் தந்த மனை. செல்வமும் அவன் தந்ததே. தந்தை கொடுத்த வீடு, தான் சமைத்த சோறு, தான் படைத்த இலை. ஆனால் ஒரு மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல நா எழவில்லை! அடுக்களையில் அவள் அரசி என்பார்கள். அரசிக்கு ஒரு கனியை ஈயும் உரிமை இல்லையென்றால், அது அரசா, அடிமைச் சாசனமா?

சேக்கிழார் பெரும் கவிஞர், ஐயமில்லை. கறி ஆகுமுன் விருந்தினர் வந்துவிட்ட தவிப்பை நம் தாய்மார் அறிந்தபடியே சொல்கிறார். அடுப்படி உண்மையைக் கண்ட கண் அவருக்கு உண்டு. ஆனால் அடுப்படியிலே நின்றவளின் அச்சத்துக்குக் காரணம் கேட்க வேண்டிய இடத்தில், வானத்திலிருந்து ஒரு பழத்தை இறக்கிக் கதையைக் காப்பாற்றிக் கொள்கிறார். இன்னொன்றும் கருதத்தக்கது: அம்மையார் பாடியனவாக நமக்குக் கிடைத்துள்ள பாடல்களில் மாங்கனிக் கதை இல்லை! அவர் தம்மைப் பேய் என்று சொல்லிக் கொள்கிறார், சுடுகாட்டைப் பாடுகிறார். அவர் சொல்லாததைப் பின்வந்தோர் சொன்னார்கள். அதற்கே இன்று விழா.

மணிமேகலையிலும் அற்புதம் இருக்கிறதே என்பீர். இருக்கிறது, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை நாம் வரலாறு என்று ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கற்பனை எதற்குப் பயன்படுகிறது? வடக்கே பூம்புகாரில் குருடரும் முடவரும் ஏழையரும் உண்ண அந்தப் பாத்திரம் சுழல்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. ஒரு கற்பனை கணவனுக்கு அஞ்சிய பெண்ணின் கலக்கத்தை மூடுகிறது. மற்றொன்று நாட்டின் பசியைத் திறந்து காட்டுகிறது. இலக்கியத்தை எடைபோட வேண்டிய தராசு இது!

உணவு சிறு செய்தி அன்று. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி, 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறிய வரலாற்றில் ஒரு பகுதி. 1957இல் சென்னையில் உணவுக் கடைப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துத் தொண்டர்கள் சிறை சென்றார்கள். சோற்றில் சாதி இருந்தது. ஆகவே சோற்றிலே போராட்டமும் பிறந்தது.

இதை உணர்ந்த எழுத்தே உயிருள்ள எழுத்து. புதுமைப்பித்தன் கடவுளையே காப்பிக் கடையில் உட்கார வைத்தார். சிரிப்பு வந்தது, அச்சம் போயிற்று. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதிலே பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு எடுத்துச் செல்கிறார். சிறுமி பார்த்துச் சிரிக்கிறாள். கைபட்டால் தீட்டு என்பதற்காக என்று அண்ணன் சொன்னதும் அவள் சிரிப்பு சினமாகிறது. 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில், ஊருக்கு உழைத்த ஆரோக்கியம் வீடு வீடாகச் சோறு வாங்கி வருகிறாள். அந்தச் சட்டியிலே ஊரின் நெஞ்சம் தெரிகிறது. இங்கே கனி விழவில்லை, கண்ணீர்தான் விழுகிறது. ஆனால் அந்தக் கண்ணீர் உண்மை!

எழுத வரும் இளைஞர்களே! கதையிலே விருந்து வைக்கிறீர்கள். காப்பி மணக்கிறது, மீன் குழம்பு கொதிக்கிறது. நன்று! சுவையை வெறுப்பவர்கள் அல்லர் நாம். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்டு பாடிய ஔவையின் மரபினர். ஆனால் அந்தப் பந்தியிலே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சமைத்தவர் யார்? முதலில் உண்டவர் யார்? சட்டியைச் சுரண்டிக் கடைசியில் உண்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத விருந்து வெறும் இலை அலங்காரம்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: “சொல்லியிருக்கலாம், அம்மா. சொல்ல முடியாத வீட்டில் அவள் இருந்தாள். சொல்லக்கூடிய வீட்டை நீங்கள் கட்டுங்கள்.”

அடுத்த ஆனியிலும் மாடியிலிருந்து மாங்கனி பொழியும். கீழே நிற்கும் பெண்களே, கனியைப் பிடியுங்கள், சுவையுங்கள், பக்கத்திலே பசித்தவர் இருந்தால் பகிர்ந்து கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: “ஆம், கொடுத்தேன்!”