பெயர் ஓரிடம், பணி வேறிடம்

ஒரு வணிக நிறுவனம் கைமாறும்போது கட்டடமும் கருவிகளும் கணக்கேடுகளும் புதியவரைச் சென்றடைகின்றன. ஆனால், பலர் கூடி உழைத்து, எவரும் எடுத்துத் திருத்திப் பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிட்ட ஒரு மென்பொருள் கைமாறும்போது உண்மையில் கைமாறுவது யாது? ஓப்பன் ஆபீஸ் என்னும் மென்பொருளின் வரலாற்றை இவ்வினாவோடு நோக்குதல் பயனுடையது என்று நாம் கருதுகிறோம்.

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் இம்மென்பொருள், ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபீஸிலிருந்து பிறந்தது. 1999 இல் அந்நிறுவனத்தை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கிற்று. 2000 அக்டோபரில் அதன் மூலநிரலை உலகோர் அனைவர்க்கும் திறந்துவிட்டது. அதன்பின் சன் ஊழியரோடு பல நாட்டு நிரலாளரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து அதனை வளர்த்தனர்.

2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிள் வசமாயிற்று. புதிய உரிமையாளரிடம் நம்பிக்கை கொள்ளாத பலர், அவ்வாண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் தி டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்தனர். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரைத் தங்களுக்கு வழங்குமாறும் வேண்டினர். பெயர் கிடைக்கவில்லை. ஆகவே, அதுவரைக்குமெனச் சூட்டிய லிப்ரே ஆபீஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2011 ஜூனிலோ, பழைய பெயரையும் நிரலையும் ஆரக்கிள் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு அளித்தது.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. இவ்விரண்டில் எது பழைய ஓப்பன் ஆபீஸ்? பெயரைப் பெற்றதா, உழைத்த கைகளுட் பலவற்றைப் பெற்றதா?

மூலநிரல் இருவர்க்கும் பொது. அதனை எவரும் பறிக்க இயலாது. உழைப்பவரோ தாம் விரும்பிய இடத்துக்குச் செல்வர். பெயர் ஒன்றே சட்டப்படி ஓர் உரிமையாளரின் உடைமையாக நிற்கிறது. எனவே, திட்டம் கைமாறிற்று என்று சொல்லும்போது முழுமையாகக் கைமாறியது பெயர் மட்டுமே என்பது நம் முடிபு.

பெயர் தானே என்று அதனை எளிதாக எண்ணுதல் பொருந்தாது. நிரலின் வரலாறு அறியாத பொதுமக்கள் பெயரை நம்பியே வருகின்றனர். அப்பாச்சியின் 4.1 பதிப்பு 2014 ஏப்ரலில் வந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அதன்மேல் சிறு திருத்தங்களே வெளிவந்தன. லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இருமுறை பெரும் பதிப்புகளை வெளியிட்டு வந்தது. 2016 ஜூலையில் ஓப்பன் ஆபீஸில் ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டபோது, அதனைத் திருத்திய முழுப் பதிப்பு அக்டோபரிலேதான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில், பெயரை நம்பி அதனைத் தம் பிள்ளைகளின் கணிப்பொறியில் நிறுவிய ஒரு குடும்பத்தார்க்கு இச்செய்தி எட்டியிருக்குமா?

அப்பாச்சியில் உழைத்த தொண்டர்களைச் சோம்பலர் எனல் அறமன்று. அவர்கள் சிலர்; பணியோ பெரிது. உரிம விதிகளும் அவர்களுக்குத் துணை செய்யவில்லை. அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஆபீஸ் எடுத்தாளலாம். லிப்ரே ஆபீஸின் நிரலை அப்பாச்சி தன் உரிமத்தின்கீழ் எடுத்தாள இயலாது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இருவரிடையே கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாயிற்று.

எனினும், உழைக்க ஆளில்லாமை ஒரு குறை. அதனைப் பெயரை நம்பி வருவோர்க்குச் சொல்லாமை வேறொரு குறை. மூலநிரல் திறந்த இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2020 அக்டோபரில் டாக்குமெண்ட் பவுண்டேஷன் வெளிப்படையாக ஒரு மடல் எழுதி, லிப்ரே ஆபீஸ் என ஒன்று உண்டு என்பதைப் பயனாளர்க்கு அறிவிக்குமாறு அப்பாச்சி தரப்பினரை வேண்டியது. போட்டியாளரின் வேண்டுகோள் என்று அதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், வேண்டுவோரின் நலன் ஒருபுறமிருக்க, வேண்டப்பட்டது நியாயமே என்று நாம் துணிகிறோம்.

பலர் உழைப்பால் புகழ்பெற்ற பெயர், அதனைப் பெற்றவர் கையில் ஓர் அமானிதம். சட்டம் அதனை உடைமை என்று கூறலாம். ஆனால் அதன் மதிப்பை ஆக்கியவர் உரிமையாளர் மட்டுமல்லர். பெயரைக் காப்பவர் அதற்குரிய பணியைச் செய்தல் வேண்டும். இயலாதபோது, பணி நடைபெறும் இடத்தைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் செய்யாது பெயரை மட்டும் வைத்திருப்பவர், தம்மை நம்பி வந்தவரை வாயிலிலேயே காக்க வைக்கின்றனர்.