எட்டாவது நாட்ச்

ரயிலில் ஏறுவதற்கு முன் தலைமாட்டுக்கு நடந்துபோய் இன்ஜினைப் பார்த்துவிட்டு வருவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். வீட்டில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் திருவனந்தபுரத்துத் தம்பானூர் பிளாட்பாரத்தின் கோடியில் நிற்பேன். கொங்கண் பாதைக்கு மின்கம்பி வருவதற்கு முன்பு ஒரு நாள், காலையில் கிளம்பும் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் மும்பைக்குப் போக அப்படி நடந்துபோனேன். டபிள்யூடிபி 4டி நின்றுகொண்டிருந்தது. நாலாயிரத்து ஐந்நூறு குதிரைத்திறன். அந்த உறுமல் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிட்டது. பிளாட்பாரத்துக் கல்லே அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டில் யாரோ தவில் வாசிப்பதுபோல இருந்தது. என்ன ஒரு இயந்திரம்!

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு மேலே எழுத வராது. 2001இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து கப்பலில் வந்து இறங்கிய பத்து இன்ஜின்களில் முதலாவது. எண் 20000. பெயர் ‘பாஸ்’. இந்தியில் வல்லூறு என்று அர்த்தம். அதற்கு முன் நம் டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் 120, 130 என்று ஓடிக்கொண்டிருந்தபோது, இது 160 கிலோமீட்டர் வேகத்துக்கென்றே வரையப்பட்டது. சோதனை ஓட்டத்தில் 180ஐயும் தொட்டது. வயிற்றுக்குள் பதினாறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 710 கன அங்குலம். அதனால்தான் அந்த டீசல் எந்திரத்துக்கே 710 என்று பெயர். அது சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை. ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, அதில் பிறக்கும் மின்சாரம் நேர்மின்னோட்டமாகி, மறுபடி மூன்று கட்ட மாறுமின்னோட்டமாகி, அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகிறது. டிரைவரின் கைப்பிடியில் எட்டுப் படிகள், அவர்கள் பேச்சில் நாட்ச்; எட்டாவதில் முழுச் சக்தி. தனக்கு வேண்டிய மின்நிலையத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி! மேலே கம்பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்த ஜெனரல் மோட்டார்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. 1962லேயே அதன் டபிள்யூடிஎம் 4 இன்ஜின்கள் வந்தன, ஒவ்வொன்றும் 2,600 குதிரைத்திறன். 1969 மார்ச் 1 அன்று புதுதில்லியிலிருந்து ஹௌராவுக்குக் கிளம்பிய முதல் ராஜதானி எக்ஸ்பிரஸை இழுத்தது அந்த வகைதான். சுமார் 1,450 கிலோமீட்டர், 17 மணி 20 நிமிடம். நாட்டின் அதிவேக ரயில் என்ற கனவே ஒரு டீசல் இன்ஜினின் பின்னால் தொற்றிக்கொண்டுதான் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. ஆனால் இந்தியாவிலேயே செய்துகொள்ளத் தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தர முன்வந்தது போட்டி நிறுவனமான ஆல்கோ. 1964இலிருந்து நீண்ட காலம் வாரணாசித் தொழிற்சாலையில் பிறந்ததெல்லாம் ஆல்கோவின் பிள்ளைகள். நாம் சிறுவயதில் கேட்ட அந்தக் குதிரைக் குளம்பொலி, ‘தடக் தடக்’ என்று நின்ற இடத்திலேயே ஓடும் சத்தம், அவர்களுடையது. 1962இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் நாற்பது வருஷம் கழித்து வல்லூறாகத் திரும்பி வந்தது.

வந்த வல்லூறிடம் குறை இல்லாமலும் இல்லை. எனக்கு அதைப் பிடித்துப்போனதே அந்தக் குறைகளால்தான். ஆறு அச்சுகள் இருந்தும் நாலில்தான் மோட்டார். மீதி இரண்டு அச்சுகள் பாரத்தைச் சுமக்கும், இழுக்காது. இருபத்து நாலு பெட்டியைக் கோத்துக்கொண்டு மழைநாளில் கிளம்பும்போது ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அடுத்தது டிரைவர் கேபின். ஒரு முனையில்தான் இருந்தது. இன்ஜினைத் திருப்பிப்போட வழியில்லாத இடத்தில், அந்த நீண்ட உடம்பை முன்னால் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

எங்கள் கரமனைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் இருக்கிறார். நாஞ்சில் நாட்டுக்காரர், தெருவுக்கே அண்ணாச்சி. “முன்னால பார்த்தா இன்ஜினுதான் தெரியும் தம்பி. வளைவு வந்தா போச்சு, சிக்னலு அசிஸ்டென்ட் பக்கம் போயிரும். அவன் சொல்லணும், நான் கேக்கணும்” என்பார். சொல்லும்போதே கழுத்தை ஒரு பக்கம் நீட்டிக் காட்டுவார்.

2010இல் டபிள்யூடிபி 4பி வந்தது. ஆறு அச்சுக்கும் மோட்டார், சக்தி 4,500. வழுக்கல் அடங்கியது. அதன் பிறகு 4டி. இரண்டு முனையிலும் கேபின். அண்ணாச்சியின் கழுத்துக்கு நிம்மதி. தம்பானூரில் என் முன்னால் நின்று உறுமியது இந்த 4டிதான். மூத்தது தடுமாறிய இடத்தையெல்லாம் கவனமாகப் பார்த்துக் காலெடுத்து வைத்த தம்பி.

கேபின் சங்கதி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டிஷ் ரயில்வே 1972இல் கட்டிய முன்மாதிரி அதிவேக டீசல் ரயில் 1973 ஜூன் 12 அன்று மணிக்கு 230 கிலோமீட்டர் ஓடி டீசல் ரயில்களுக்கான உலக சாதனை செய்தது. அதன் முன்முகத்தில் டிரைவருக்கு ஒற்றை இருக்கை, சின்னக் கண்ணாடி. தொழிற்சங்கங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1976இல் மக்களுக்காக ஓடத் தொடங்கிய ரயில்களில் அகலக் கண்ணாடியும் இரண்டு இருக்கையும் வந்துவிட்டன. கென்னத் கிரேஞ்ச் வடிவமைத்த அந்த மூக்கைப் படத்தில் பார்த்தாலே எனக்கு ஆசையாக இருக்கும்.

ஆனால் என் நெஞ்சில் இருப்பது கொங்கண்தான். நேத்ராவதி இரவெல்லாம் ஓடி, விடியும்போது கோவாவைத் தாண்டியிருந்தது. இன்ஜினுக்கு அடுத்த பெட்டிகளில் ஒன்றில், ஜன்னலோரம், கண்ணில் தூசி விழுந்தாலும் தலையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரத்னகிரி வருமுன் பன்வல் ஆற்றுப் பாலம். 64 மீட்டர் உயரம். கீழே தென்னை உச்சிகள் அறுகம்புல் மாதிரி தெரிகின்றன. எதிரே கண்ணுக்கு நேராகப் பருந்து பறக்கிறது. பெட்டியில் அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே மௌனமாகிவிட்டது.

ரத்னகிரியைத் தாண்டியதும் கர்புடே குகை. ஆறரைக் கிலோமீட்டர்! டீசல் புகையை வெளியேற்றவே தனியாக விசிறிகள் வைத்த குகை. உள்ளே நுழைந்ததும் அந்த உறுமல் சுவரில் மோதித் திரும்பி, இன்னொரு உறுமலோடு சேர்ந்து, ஒரு பெரிய கோயில் மண்டபத்துக்குள் நூறு பேர் ஒரே சுதியில் பாடுவதுபோல ஆகிவிட்டது. டீசல் வாசனை முகத்தில் அடித்தது. எனக்கு அது சாம்பிராணி. போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டாமல், உள்ளே பிடித்தபடி முழுவதையும் பதிவு செய்தேன். வெளிச்சம் வந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. காற்று அல்ல, நான்தான்.

2022இல் கொங்கண் முழுக்க மின்கம்பி வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் இதே தம்பானூரிலிருந்து காசர்கோட்டுக்கு வந்தே பாரத் கிளம்பியது; பெரம்பூரில் பிறந்த வண்டி, பூனைபோலச் சத்தமில்லாமல் போகிறது. அதுவும் அழகுதான். சுத்தம், சிக்கனம், வேகம் எல்லாம் உண்டு. எனக்குச் சண்டை இல்லை.

போன மாதம் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அந்தக் குகைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். எங்கே, எந்த வண்டி என்று நான் எதுவும் சொல்லவில்லை. போனை வாங்கிக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்து, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தது.

“ஏத்தமா தம்பி?” என்றார். “எட்டாவது நாட்ச்ல போறான்.”