‘பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க’: அனுப்பிவைத்தலின் அரசியல்

ஒத்தக்கடையில் நின்று பார்த்தால் யானைமலை. மலையடியில் வேளாண் கல்லூரி. மேலூர் சாலையில் 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை. இங்கிருந்து பிரியும் சாலையில் திருமோகூரைத் தாண்டிப் போனால் திருவாதவூர். அங்கே ஈழ அகதிகளின் முகாம். அறிவு, நீதி, நிவாரணம் மூன்றும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்.

இதே ஒத்தக்கடையில், தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: ‘பாதுகாத்தல்’, ‘உளசமூக ஆதரவு’, ‘ரெஃபரல்’. சுவரில் ஒட்டிய சார்ட்டில் நடுவில் ஒரு வட்டம், ‘பாதிக்கப்பட்டவர்’. அதிலிருந்து போலீஸ், ஆஸ்பத்திரி, குழந்தைகள் நலக் குழு என்று அம்புகள். எல்லா அம்புகளும் வெளியே போயின, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முகாமில் பிறந்து களப்பணியாளராகியிருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: “சார், எழுதிக் குடுத்து அனுப்பிடலாம். அனுப்புற எடமே அடிச்சா, அப்புறம் எங்க சார் அனுப்புறது?”

“நல்ல கேள்விம்மா, டீ முடிச்சிட்டு பேசுவோம்” என்றார் பயிற்சியாளர். டீ வந்தது. அந்தக் கேள்வி திரும்பி வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நம் கிராமங்களில் ரெஃபரலுக்குப் பழைய பெயர் உண்டு: ‘பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க.’ இதைச் சொல்லும் குரலில் நம்பிக்கையும் கலக்கமும் சேர்ந்தே இருக்கும். எழுதியவர் கடமை முடிந்தது. சுமை நோயாளியின் தலையில். பஸ் காசு, வரிசை, திட்டு எதுவும் எழுதியவர் கணக்கில் வராது. ‘அனுப்பிவைத்தல்’ என்பது பல நேரங்களில் கைகழுவுதலின் மரியாதையான பெயர்.

‘பாதுகாத்தல்’ என்ற சொல்லாடல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2002இல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களைப் பற்றிய ஓர் அறிக்கை வெளிவந்தது. உணவுக்கும் நிவாரணப் பொருளுக்கும் ஈடாக நிவாரணப் பணியாளர்களே சிறுமிகளின் உடலைக் கேட்டதை அது வெளிக்கொண்டுவந்தது. அதன்பின் 2003இல் ஐ.நா. பொதுச் செயலாளர் விதிகளை வெளியிட்டார். 2018இல் ஹைட்டி விவகாரத்தில் ஆக்ஸ்பாம் சிக்கியபோது இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. ஆக, இதன் பிறப்பே ஒரு குற்ற ஒப்புதல்: கொடுக்கிற கைக்கு வாங்குகிற கையின்மீது அதிகாரம் உண்டு என்கிற ஒப்புதல். ஆனால் பயிற்சி மண்டபத்துக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரு படிவமாகச் சுருங்கிவிடுகிறது. கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. விசாரணைக் கூண்டில் நின்றிருக்க வேண்டியவர் வகுப்பெடுக்கிறார்.

‘உளசமூக ஆதரவு’ இதைவிடச் சிக்கலானது. 2007இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு பிரமிடு உண்டு. நான்கு அடுக்குகள். கூர்நுனியில் மனநல மருத்துவர். அதற்குக் கீழே பயிற்சி பெற்ற பணியாளர். அதற்கும் கீழே குடும்பமும் சமூகமும். எல்லாவற்றையும் தாங்கும் அகன்ற அடித்தளத்தில் உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு. அவையும் மானத்தோடு தரப்பட வேண்டும். மானங்கெடக் கொடுக்கப்படும் அரிசி மனநலத்துக்கு எதிரானது என்று அந்த வழிகாட்டியே ஒப்புக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனவடுவைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் சமூகம் முழுமைக்குமான காயமாகப் பார்த்தவர். நம் பயிற்சிகளோ மூன்றாவது அடுக்கில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. மூச்சை இழுத்து விடுங்கள், கண்ணை மூடுங்கள். அடித்தளத்தைப் பேசினால் அது ‘அரசியல்’ ஆகிவிடுகிறது.

அடித்தளம் என்றால் என்ன? மதுரைக்கு மறுபுறம், திருமங்கலம் பக்கத்தில் உச்சப்பட்டி முகாம். 2016 மார்ச்சில் அங்கே வருவாய்த்துறை அதிகாரி தணிக்கைக்கு வந்தார். தணிக்கை என்பது முகாம்வாசிகள் நேரில் நின்று தலைக்கணக்குக் கொடுக்கும் நாள். மகன் நிற்கவில்லை என்பதில் தகராறு. மகன் மருத்துவமனையில் இருந்தான் என்பது குடும்பத்தின் பதில். வாக்குவாதத்தின் முடிவில் அந்தத் தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். இவருக்கு எந்த ‘ஆதரவு’ போதாமல் போனது? ஆலோசகரா? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம்: ‘சரி, பையன் ஆஸ்பத்திரியில இருக்கானா, குறிச்சுக்குறேன்.’ அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் எந்தப் பயிற்சிக்கும் அழைக்கப்படுவதில்லை. பிரமிடின் அடித்தளம் அவர் கையிலிருந்த பதிவேடுதான்.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, உதவித்தொகையை உயர்த்தியது, புது வீடுகளை அறிவித்தது. இவற்றைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. அதே ஆண்டு ஜூனில், நம் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலிருக்கும் அந்த உயர்நீதிமன்றக் கிளைதான், திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. மண்டபத்துச் சார்ட்டில் அந்தக் கட்டடத்துக்கு ஓர் அம்புகூட இல்லை!

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. ‘அப்படியானால் குழந்தைமீது வன்முறை நடந்தால் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?’ இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் தண்டனை உண்டு. அது சரிதான். குடும்ப மானம், முகாம் மானம் என்று மூடி மறைத்த கதைகளை நாம் அறிவோம். சமூகம் என்பதும் புனிதமான வெளி அல்ல. அதற்குள்ளும் சாதியும் ஆணாதிக்கமும் உண்டு. ஆனால் முகாமைக் கண்காணிப்பதும் போலீஸ், புகாரை வாங்குவதும் போலீஸ் என்னும்போது, அம்புக்குறி போட்டவர் அந்தப் பிள்ளையோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மறுநாள் காலையிலும் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஃபூக்கோ சொல்லும் மேய்ப்பரின் அதிகாரம் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிய விரும்புவது. ஆடு மேய்ப்பரைக் கேள்வி கேட்கும் இடம் மட்டும் அங்கே கிடையாது.

எனவே பயிற்சியை மறுப்பதல்ல, அதைத் திருப்பிப் போடுவதே தேவை. வருவாய் ஆய்வாளரும் காவலரும் முதல் வரிசையில் உட்காரட்டும். வகுப்பை முகாம்காரர்கள் எடுக்கட்டும். எத்தனை பேரை அனுப்பினோம் என்று எழுதும் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேரட்டும்: போனவர் என்ன ஆனார், அங்கே அவரிடம் என்ன பேசினார்கள், மறுபடி போகத் துணிவாரா. இந்தப் பத்தி இல்லாத ரெஃபரல் வெறும் தபால்.

நானும் அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டீ குடித்தேன். சான்றிதழும் வாங்கினேன். அந்தப் பெண் திருவாதவூர் பஸ் ஏறும்போது, “விடுங்கண்ணே, அடுத்த ட்ரெயினிங்ல கேப்போம்” என்றார்.

அடுத்த பயிற்சியிலும் சுவரில் அந்தச் சார்ட்தான் தொங்கும். வட்டத்துக்குள் எழுதப்பட்டவர் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கும்வரை.